ஊசியக்கா உறை தைத்த நாற்காலி

நாற்காலி மெத்தையில் குழி விழுந்திருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஊசியக்கா, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் அப்படியே நின்றுவிட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்த வெயில், அவள் தைத்து மாட்டிய ஒட்டுத்துணித் திரையில் வடிந்து, தரையில் நிறம் நிறமாகக் கிடந்தது. கீழே அச்சகத்தில் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது, மை வாசனை படியேறி வந்தது. காலையில் விட்டுப்போனது எல்லாம் விட்டுப்போன இடத்தில்தான் இருந்தது. அந்தக் குழி மட்டும்தான் புதுசு. முந்தின நாள்தான் புதுப் பஞ்சு அடைத்து, புது உறை போட்டு, தட்டித் தட்டி உப்பலாக வைத்திருந்தாள். தானே இன்னும் ஒரு தடவைகூட அதில் உட்காரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடு பார்க்க வருகிறார். அன்றைக்கு அவர் கண் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார வேண்டும் என்று ஆசையாகத் தொடாமல் வைத்திருந்தாள்.

ஊசியக்கா ஒல்லி. நீ உட்கார்ந்தால் மெத்தைக்கே தெரியாது என்று அண்ணி கேலி செய்வாள். இந்தக் குழியோ, கனத்த ஆள் ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்தது போல அகலமாக இருந்தது. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஆழம். அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டும் சாவியும் அவள் கையில்தான் இருந்தன.

"புதுப் பஞ்சு. அமுங்கத்தான் செய்யும்," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு மெத்தையை நாலு தட்டுத் தட்டினாள். பஞ்சு எழும்பிவிட்டது. உள்ளங்கையில் மட்டும் ஒரு வெதுவெதுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். வெயில் நாற்காலி வரைக்கும் வரவே இல்லை என்பது டீ போடும்போதுதான் உறைத்தது.

ஊசியக்கா என்பது கடைத்தெரு வைத்த பெயர். துணியை அளவுக்குத் திருத்தித் தைக்கும் ஆல்டர் வேலைக்காரி. தொளதொளப்பைப் பிடிப்பாள், இறுக்கத்தை விடுவாள், கிழிசலுக்கு ஒட்டுப் போடுவாள். கையில் இருப்பதும் ஊசி, நாக்கில் இருப்பதும் ஊசி என்று இரண்டையும் சேர்த்துத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. அப்புறம் பதினோரு வருஷம், அந்த வீட்டு ஹாலில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மூலையில் சுருண்டு படுத்தாள். அண்ணன் கெட்டவர் இல்லை. அண்ணி ஒரு வேளைகூடச் சோறு குறைத்தவள் இல்லை. ஆனால் அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அவளுக்கு உரிமை கிடையாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அச்சகத்து மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் பிடித்தாள். சாவி வாங்கிய அன்றைக்கு அண்ணன் வாசலில் நின்று சிரித்தார்.

"போ, போ. ஒரு மாசம். பெட்டியைத் தூக்கிக்கிட்டு நீ திரும்பி வரலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"புதுப் பேரு ஒண்ணு இப்பவே பார்த்து வைங்கண்ணே," என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

சொன்ன வாய்க்கு வீடு வேண்டுமே. புதுசாக வாங்க வக்கில்லை, அதனால் என்ன? தூக்கிப்போட்ட கதவுப் பலகை ஒன்றைத் தேய்த்து எண்ணெய் பூசி மேஜையாக்கினாள். ஊறுகாய் பாட்டில்களுக்கு நூல் வலை பின்னி விளக்குக் கூடு செய்தாள். உடைந்த கண்ணாடிக்குப் பொத்தான்களை ஒட்டிச் சட்டம் கட்டினாள். பழைய சாமான் கடையில் ஒரே சுமையாக ஒரு கைவைத்த நாற்காலியும் ஒரு மூட்டைத் துணியும் கிடைத்தன. நாற்காலிக்கு மெத்தையும் இல்லை, உறையும் இல்லை. மரமும் ஸ்பிரிங்குமாக எலும்புக்கூடு போல நின்றது. அவள் ஒற்றை ஆளாகவே மாடிக்குத் தூக்கி வந்துவிட்டாள். மூட்டையில் ஆண்பிள்ளைச் சட்டைகளும் பேண்ட்டுகளும் இருந்தன. நல்ல பருத்தி. மூன்று தடவை கொதிக்கக் கொதிக்கத் துவைத்து, தையலைப் பிரித்து, துண்டுகளாக்கி, நாற்காலிக்கு ஒட்டுத்துணி உறை தைத்தாள். திரையும் அதில்தான். மிஞ்சிய கீற்றுகளைச் சடை சடையாகப் பின்னி, சுற்றித் தைத்து, நாற்காலிக்கு முன்னால் தடிமனாக ஒரு விரிப்பும் போட்டாள். வெறுங்காலோடு அதன்மேல் நடந்தால் கால் புதையும். தன் வீட்டில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

செவ்வாய்க்கிழமையும் குழி இருந்தது. அவள் தட்டினாள்.

அன்றைக்குச் சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் ஸ்பிரிங் முனகியது. நாற்காலியில் ஆள் உட்காரும்போது ஸ்பிரிங் ஒரு சத்தம் போடும், எழுந்திருக்கும்போது வேறு சத்தம் போடும். உட்காரும் சத்தம் கனமானது, மெல்லக் கீழே இறங்கும், கடைசியில் ஒரு பெருமூச்சு மாதிரி அடங்கும். அவள் கேட்டது அதைத்தான். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு, அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது.

எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலி. மெத்தையில் குழி.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு இருட்டக்கூட இல்ல, பட்டப்பகல்," என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டாள். அதட்டலில் பாதிதான் குரலாக வெளியே வந்தது.

புதன்கிழமை வாசனை வந்தது. கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. மை வாசனைக்கு அடியில், மூட்டு வலிக்குத் தேய்க்கிற தைலமும், வெகுநாள் மாற்றாத சட்டையின் வியர்வையும், ஜன்னல் திறக்காத அறையின் புழுக்கமும் கலந்த வாசனை. அவள் எல்லா ஜன்னலையும் திறந்தாள். காற்று வந்தது, திரை ஆடியது, வாசனை அசையவில்லை. நாற்காலியைச் சுற்றி ஒரு கை தூரத்துக்கு அது கட்டியாக நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. நான் தேய்த்துக் கழுவிய வீடு, நான் துவைத்த துணி, இதில் வேறு எவனோ நாறுவதா?

இஞ்ச் டேப்பை எடுத்தாள். வேறு யாராவது என்றால் சாமி கும்பிட்டிருப்பார்கள், இல்லை பக்கத்து வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். ஊசியக்காவுக்குப் புரியாத உடம்பு எதிரே வந்தால் அளவெடுக்கத்தான் தெரியும். குழியின் அகலம் இருபத்தொரு இஞ்ச். இடது பக்கம் முக்கால் இஞ்ச் கூடுதல் ஆழம். குனிந்தபடியே இருந்தாள். நிமிர முடியவில்லை.

அந்த அளவு அவளுக்குத் தெரியும்.

முகத்தை மறந்துவிடுவாள், அளவை மறக்க மாட்டாள். மூட்டையில் இருந்த பேண்ட்டுகள் ஒவ்வொன்றிலும் முன்னால் எவரோ ஒரு தையல்காரர் இடுப்பை விட்டிருந்தார். இடது காலை முக்கால் இஞ்ச் மடித்திருந்தார். இடது பக்கம் சாய்ந்து நடக்கிற, கனத்த, வயசான மனுஷன். பிரிக்கும்போதே கை அதைப் படித்துவிட்டது. பாவம், யாரோ பெரியவர் என்று நினைத்தது இப்போது நினைவுக்கு வந்தது.

மெல்லத் தலையைத் தூக்கி உறையைப் பார்த்தாள். தான் தைத்ததை, தைத்த பிறகு முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தாள்.

ஆல்டர் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. பிரித்த துண்டைக் கலைக்காதே. முன்துண்டை முன்னாலும் பின்துண்டைப் பின்னாலும், இடதை இடப்பக்கமும் வலதை வலப்பக்கமும் வை. கலைத்தால் திரும்பச் சேராது. இருபது வருஷத்தில் அது மூளையைத் தாண்டிக் கைக்குள் இறங்கிவிட்டது. உறை தைத்த அன்றைக்கு அவள் நிறம் பார்த்து ஒட்டியதாகத்தான் நினைத்திருந்தாள். கை அதன் பாட்டுக்கு வேறு வேலை பார்த்திருந்தது. சாய்மானம் முழுக்கச் சட்டைகளின் முதுகுத் துண்டு. நாற்காலியின் இடக் கையில் இடக் கைகள், வலக் கையில் வலக் கைகள், நுனியில் பொத்தான் வைத்த பட்டி. மெத்தை மேல் பேண்ட்டுகளின் பின்பாகம். முன்விளிம்பில் முழங்கால்கள். அதற்குக் கீழே, இரண்டு பக்கமும், தரை வரைக்கும் தொங்கும் கால்கள். தலை சாய்க்கிற இடத்தில், கெட்டியாக இருக்கட்டும் என்று, ஒரு காலர்.

உறை இல்லை அது. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள்.

"நானேவா," என்றாள். "நானேவா தைச்சேன்?"

அன்றைக்கே அதை வெளியே தள்ளப் பார்த்தாள். ஒற்றை ஆளாக அவள் மாடிக்குத் தூக்கி வந்த நாற்காலி. முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கால் வழுக்கியது, முட்டி சிராய்த்தது, நாற்காலி ஒரு நூல்கூட நகரவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். இது நகரவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை யாரால் இழுக்க முடியும்?

இரவு உள்ளறையில் கதவைச் சாத்திப் படுத்தாள். தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், தொந்தியும் தொங்கு மீசையுமாக, ஒரு மேஜைக்கு நொண்டிக் காலை மாற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த நாற்காலியும் மூட்டையும் யாரு வீட்டுச் சாமான்?"

"ஏங்க்கா, மூட்டைப்பூச்சி இருக்கா?"

"மூட்டைப்பூச்சியா இருந்தா நசுக்கிட்டுப் பேசாம இருந்திருப்பேன். யாரு வீடுன்னு கேட்டேன்."

சுத்தியல் நின்றது. அவர் மீசையைத் தடவினார். "ஒரு பெரியவர்க்கா. தனிக்கட்டை. கூடப் பொறந்த தம்பி அவருக்குத் தெரியாம வீட்டை வித்துட்டான். காலி பண்ணுங்கன்னு ஆளுங்க வந்து நின்னிருக்காங்க. இவரு போய் அந்த நாற்காலியில உக்காந்துட்டாராம். என் வீட்டுல இருந்து என்னை எவன் எழுப்புறான்னு பார்க்கிறேன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எவனாலயும் எழுப்ப முடியல. சோறு தண்ணி இல்லாம அப்படியே... முடிஞ்சதுக்கப்புறம் தூக்கிக்கிட்டுப் போனாங்க." குரலைத் தாழ்த்தினார். "நாங்க சாமான் எடுக்கப் போறப்ப நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு பேரு சேர்ந்து தூக்கியும் அசையல. மெத்தையையும் உறையையும் கிழிச்சு எறிஞ்சதுக்கப்புறம்தான் லேசாச்சு."

"இதையெல்லாம் சொல்லி விக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"வாங்கியிருப்பேன். வேற துணியில தைச்சிருப்பேன்."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேணாம்க்கா, வம்பு. ஒரு பத்து நாள் அண்ணன் வீட்டுல போய் இருங்க. அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணுவோம்."

"நல்லா சொன்னீங்க போங்க. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுன கதையால்ல இருக்கு," என்றாள் ஊசியக்கா. "வாடகை குடுக்கிறது நான். போகணும்னா அது வெளிய போகட்டும்."

தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள். பத்து நாள் என்று போனால் அந்தப் பத்து நாள் எப்படி நீளும் என்று அவளுக்குத் தெரியும். போன தடவை அண்ணன் வீட்டுக்கு அவள் போனதும் ஒரு பத்து நாளைக்குத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அச்சகம் அரை நாளோடு மூடியது. இயந்திரம் நின்றதும் வீடு முழுக்க ஓர் அமைதி இறங்கியது. ஊசியக்கா வாசல் கதவைத் திறந்தே வைத்தாள். முக்காலியை நாற்காலிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். உறையைக் கிழித்ததும் லேசாகிவிட்டது என்றால் கணக்கு சுலபம். தைத்த கையாலேயே பிரித்துவிட வேண்டியதுதான். நாளைக்கு அண்ணன் வரும்போது மொட்டை நாற்காலியாக இருந்தால் என்ன? இதுதான் இப்போதைய ஃபேஷன் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

தைல வாசனை தொண்டையை அடைத்தது. வாயால் மூச்சு விட்டாள். வலது கை ஓரத்தில், பொத்தான் பட்டி முடியும் இடத்தில், முதல் தையலுக்கு அடியில் கத்தி முனையைக் கொடுத்தாள். நூல் டப்பென்று தெறித்தது. துணி விறைப்பாக இருந்தது. அவள் இவ்வளவு இறுக்கமாகத் தைக்கவில்லை. இரண்டாவது தையல். மூன்றாவது. சாய்மானத்தில் முதுகுத் துண்டுகள் மெல்ல உப்பின. மெல்லத் தளர்ந்தன. ஜன்னல் காற்று என்று நினைக்க முயன்றாள். திரை ஆடவில்லை.

நாலாவது தையல். ஐந்தாவது.

பிரிந்த இடத்தில் இரண்டு விரலை நுழைத்துத் துணியைத் தூக்கினாள். உள்ளே மரக்கட்டை இருக்க வேண்டும். அவளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கட்டை.

மரம் இல்லை.

தொளதொளத்த தோல். உள்ளே எலும்பு. வெதுவெதுப்பு.

அது அவள் விரலுக்கு அடியில் திரும்பியது. மெதுவாக. தூக்கத்தில் தொட்டால் நகர்த்திக்கொள்கிற கை மாதிரி.

கத்தி விழுந்தது. முக்காலி சாய்ந்தது. ஊசியக்கா உட்கார்ந்தவாறே பின்னால் நகர்ந்துபோய், எதிர்ச்சுவரில் முதுகு இடித்த பிறகுதான் எழுந்து நின்றாள். கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் மேஜை மேல் கைபேசி அடித்தது. நாற்காலியைச் சுவரோரமாகச் சுற்றிப்போய் எடுத்தாள்.

"என்ன, நாளைக்கு வரவா வேண்டாமா?" அண்ணன். பின்னால் அண்ணி ஏதோ சிரிக்கும் சத்தம். "என்ன மூச்சு வாங்குது? மாடி ஏறுனியா?"

"இல்லண்ணே. வீடு... வீடு ஒதுங்க வெச்சுக்கிட்டிருக்கேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. பயமா இருக்கா? தனியா இருக்கிறது எல்லாருக்கும் ஒத்து வராதுடா." அவர் குரலில் இப்போது கேலி இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வண்டி எடுத்துக்கிட்டு இப்பவே வர்றேன். உன் மூலை அப்படியேதான் இருக்கு. அண்ணி துணி காயப் போட்டிருக்கா, எடுத்துரச் சொல்றேன். என்ன சொல்ற?"

வாசல் நாலே எட்டு. படி இறங்கினால் தெரு, வெயில், ஆட்கள். வாங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரை மணியில் வண்டி வந்துவிடும். அந்த மூலையின் சுவரில் அவள் தலை பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை ஒன்று இருக்கும். சாகிற வரைக்கும் அந்தக் கறைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியதுதான். அவளுக்கு அழுகை முட்டியது. கூடவே, எங்கிருந்தோ, சிரிப்பும் வந்தது.

"பேரு பார்த்துட்டீங்களாண்ணே?"

"எந்தப் பேரு?"

"மாத்திக்கிறேன்னு சொன்னீங்களே. நாளைக்குப் புதுப் பேரோட வாங்க. சாப்பாடு இங்கதான்." கைபேசியை வைத்தாள்.

வாசல் வரைக்கும் போனாள். கதவைச் சாத்தவில்லை, தாழும் போடவில்லை. வெளியே போகிறவர்களுக்கு வழி இருக்க வேண்டும் என்று இன்னும் அகலமாகத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். அப்புறம் திரும்பி வந்து, விரிப்பின் ஓரத்தில், வெறுங்காலோடு, நாற்காலிக்கு நேர் எதிரே நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா," என்றாள். குரல் பிசிறடித்தது. தொண்டையைச் செருமினாள். "ஐயா, உங்க கதை கேட்டேன். உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதைச் செஞ்சது உங்க தம்பி. அவரை விட்டுட்டு என் வீட்டுல வந்து உக்காந்தா என்ன ஞாயம்?"

முதுகுத் துண்டுகள் உப்பின. தளர்ந்தன.

"உங்களுக்கு ஒரு வீடு இருந்து போச்சு. எனக்கு இப்பத்தான் வந்திருக்கு. நாப்பத்தெட்டு வயசுல. இந்த மேஜை நான் தேய்ச்சது. அந்த விளக்கு நான் பின்னுனது. நீங்க உக்காந்திருக்கிற மெத்தை நான் அடைச்சது. உங்க சட்டையைக்கூட நான்தான்யா துவைச்சேன்!"

கோபம் பயத்தின் தோள்மேல் ஏறி நின்றது. இப்போது குரல் பிசிறவில்லை.

"யோவ், கேக்குதா? நான் எங்கேயும் போகப் போறதில்ல. பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும்பாங்க. நான் உனக்கு வாழ்க்கைப்படவும் இல்ல, எந்த மரமும் ஏறப்போறதும் இல்ல. இது என் வீடு."

அடுத்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. பதினோரு வருஷம் அவள் காதில் விழுந்த வார்த்தை அது. விருந்தாளி வந்தால், டீவியில் ஏதாவது நல்லதாக ஓடினால், ஃபேன் காற்று பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால், யாரும் திட்டாமல், யாரும் முகம் சுளிக்காமல், சாதாரணமாகச் சொல்வார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவாள். அந்த வார்த்தையை ஜென்மத்துக்கும் இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது என்று அந்த மூலையில் படுத்துக்கொண்டு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

"எந்திரி," என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"எந்திரிய்யா! என் நாற்காலியை விட்டு எந்திரி!"

முதுகுத் துண்டுகள் உப்பின. தளரவில்லை.

ஸ்பிரிங் கத்தியது. இத்தனை நாளும் அவள் கேட்காத சத்தம். அடியிலிருந்து மேலே வருகிற சத்தம். நாற்காலியின் இரண்டு கைகளும் பாரம் தாங்காமல் முறுக்கிக் கிறீச்சிட்டன. மெத்தையில் இடது பக்கம் முதலில் எழும்பியது. அப்புறம் வலது. அப்புறம் நடு. குழி கண் முன்னால் மெல்ல மெல்ல நிரம்பியது. கடைசி மடிப்பும் நீங்கி, உறை தொளதொளவென்று விழுந்தது. வெறும் துணி. ஒட்டுப் போட்ட வெறும் துணி.

நாற்காலி காலி.

வாசனை மட்டும் இப்போது மேலே இருந்து வந்தது. அவள் தலைக்கு மேலே. அவளைவிட உயரமான இடத்திலிருந்து.

ஊசியக்கா ஒரு கையை நீட்டி வாசலைக் காட்டினாள். விரல் அசையாமல் நின்றது.

விரிப்பின் அந்த ஓரத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில், சடைப் பின்னல் அமுங்கியது. ஒரு பாதம் அளவுக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வாசல் வலது பக்கம் இருந்தது, அகலத் திறந்து, வெயிலோடு.

குழிகள் வலது பக்கம் திரும்பவில்லை.

ஓர் எட்டு. பின்னல் அமுங்கியது. பின்னால் இருந்தது மெல்ல எழும்பியது.

இன்னோர் எட்டு.

அவள் மூச்சை நிறுத்தினாள். நகரவில்லை.

இன்னொன்று.

அவள் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் விரிப்பு குழிந்தது. நின்றது. நெற்றி மேல் சூடான காற்று ஒன்று பட்டது, விலகியது, மறுபடி பட்டது. ஓடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் கீழே பார்த்தாள்.

முன்னால் இருந்த இரண்டு குழிகளும் எழும்பிச் சமமாயின. அடுத்த கணம் அவளுடைய வெறுங்கால்கள் மேல், முதலில் இடது, அப்புறம் வலது, இன்னொரு ஜோடிக் கால்களின் பாரம் ஏறி நின்றது. அவள் பத்து நகங்களும் ஒவ்வொன்றாக வெளுத்தன. கால்கள் விரிப்புக்குள் புதைந்தன.

ஊசியக்கா காலை எடுக்கவில்லை. வாசலைக் காட்டிய கையையும் இறக்கவில்லை.